வியூ வழியாக எல்லா நோயாளிகளும் தெரிகிறார்கள், உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சில கிளைகள் உள்ள ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL தரவுத்தள மென்பொருள்) 13-ஆம் பதிப்பு. வரவேற்பு, டாக்டர், கணக்கு என்று தனித்தனி ரோல்கள் (அனுமதிக் கணக்குகள்). ஊழியருக்குத் தன் கிளை நோயாளிகள் மட்டும் தெரியும்படி டேபிளில் ரோ லெவல் செக்யூரிட்டி (யார் எந்த வரிகளைப் பார்க்கலாம் என்ற பாலிசி) போட்டிருக்கிறேன். நேராக டேபிளைக் கேட்டால் சரியாக வருகிறது. ரிப்போர்ட் வியூ (டேபிள் போலவே படிக்கக்கூடிய, சேமித்து வைத்த வினவல்) வழியாகப் போனால் எல்லாக் கிளைகளும் வந்து கொட்டுகின்றன!

வியூ அதன் உரிமையாளரின் அனுமதியில் ஓடுவதுதான் காரணம் என்று தெரிகிறது. 15-ஆம் பதிப்பில், கேட்பவரின் அனுமதியிலேயே வியூவை ஓட்டும் செக்யூரிட்டி இன்வோக்கர் வந்துவிட்டது. ஆனால் இப்போதைக்குப் பதிப்பை ஏற்ற முடியாது. வியூவின் உரிமையை, பாலிசியைத் தாண்ட முடியாத வேறொரு ரோலுக்கு மாற்றினால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. ஆய்வுக்காக ஒரு கல்லூரி இந்தத் தரவைக் கேட்கிறது. பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிட்டால் போதும் என்கிறது நிர்வாகம். எனக்கு உடன்பாடில்லை. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று தரவு அந்தரங்க ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டார். நம் பின்கோடு ஆறு இலக்கம். முதல் மூன்றை மட்டும் வைத்து, வயதை ஐந்தாண்டுப் பிரிவுகளாக்கலாம் என நினைக்கிறேன். ஒரே மாதிரி ஐந்து பேராவது இல்லாத வரிகளை நீக்கிவிடுவேன். ஐந்து போதுமா, பத்து வேண்டுமா? போன் நம்பரை ஹேஷ் செய்யச் (நேரடியாகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றச்) சொல்லாதீர்கள், பத்து இலக்கத்தையும் ஓட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.