லெகோ செட் கொரியர்ல அனுப்பணும், உடையாம எப்படி பேக் பண்றது? (அவசரம்)

மாடிவீடு_07
வணக்கம். என்கிட்ட இருந்த கஃபே கார்னர் செட்டை வித்துட்டேன். நாளைக்கு சாயந்திரம் கொரியர்ல கொடுத்தாகணும். பபிள் ராப் ஒரு ரோல் இருக்கு, டேப் இருக்கு. நாலு சுத்து சுத்தி அனுப்பினா போதுமா? போன தடவை ஒரு சின்ன செட் அனுப்பினப்போ மூலை நசுங்கிப் போய் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இதுவும் போனா தாங்காது. சீக்கிரம் சொல்லுங்க.

சின்னக்கை
சீல் பிரிக்காததா, பிரிச்சதா?

கல்லடுக்கி
கட்டி நிக்குதா, கழட்டியாச்சா? ஒரிஜினல் பெட்டி இருக்கா? விமானத்துல போகுதா, லாரியிலயா? எதுவும் சொல்லாம எதை வெச்சு பதில் எழுதறது ப்ரோ?

நெளிஅட்டை
எதுவா இருந்தாலும் ஒரே பதில்தான்: பெட்டிக்குள்ள பெட்டி. வெளிப்பெட்டி 5 பிளை (அஞ்சு அடுக்கு) அட்டையா இருக்கணும், 3 பிளை வேண்டாம். உள்பெட்டியைச் சுத்தி ஆறு பக்கமும் குறைஞ்சது 5 செ.மீ. இடைவெளி விட்டு, அதை இறுக்கமா நிரப்பணும். தெர்மாகோல் உருண்டை போடாதீங்க. வண்டி குலுங்கக் குலுங்க கனமான பெட்டி மெல்ல அடியில இறங்கி, கடைசியில வெளிப்பெட்டியோட தரையில போய் உக்காந்துரும். கசக்கின பழுப்புத் தாளை கெட்டியா திணிங்க. மூடிட்டு ஆட்டிப் பாருங்க, உள்ள எதுவும் நகரக் கூடாது.

மூத்தவர்58
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. செட் எண், நிலை, பெட்டி அளவு மூணையும் எழுதிட்டுக் கேளுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பழைய இழைகளைத் தேடிப் பார்த்திருந்தா இந்த நேரத்துக்கு பேக் பண்ணியே முடிச்சிருக்கலாம். உங்க கஃபே கார்னரோட எண் 10182, 2007ல வந்தது, 2056 துண்டு, லெகோவோட மாடுலர் கட்டட வரிசையில முதல் செட். அதைக் கையில வெச்சுக்கிட்டு "நாலு சுத்து போதுமா"ன்னு கேக்கிறது எனக்கு வருத்தமா இருக்கு. பொருளோட மதிப்பு தெரிஞ்சு விக்கணும்.

சின்னக்கை
மூத்தவரே, அவர் பதட்டத்துல இருக்கார். அப்புறம் திட்டிக்கலாம், முதல்ல வேலை நடக்கட்டும்.

மாடிவீடு_07
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். பிரிச்ச செட். இப்போ கட்டி அலமாரியில நிக்குது. பெட்டியும் புக்லெட்டும் இருக்கு. விமானத்துலதான் போகும். கட்டினபடியே அனுப்பலாம்னு நெனச்சேன்.

கல்லடுக்கி
கட்டினபடியே வேண்டவே வேண்டாம். லெகோ துண்டோட பிடி கைக்குத்தான் பத்தும், வண்டியோட அதிர்வுக்குப் பத்தாது. மாடி மாடியா கழட்டி, ஒவ்வொரு மாடிக்கும் தனி ஜிப் கவர் போட்டு எண் எழுதுங்க. கண்ணாடித் துண்டுகளை மத்ததோட கலக்காதீங்க, உரசினா கீறல் விழும். செய்தித்தாள்ல சுத்தாதீங்க, வெள்ளைத் துண்டுல மை ஒட்டும். ரப்பர் பேண்டும் கூடாது, நாளானா உருகிப் பிசின் மாதிரி ஒட்டிக்கும். கழட்டாத பகுதி ஏதாவது இருந்தா சமையலறையில வெச்சிருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறையால இறுக்கமா சுத்துங்க. டேப் மட்டும் துண்டு மேல படவே கூடாது.

அடித்தட்டைத் தனியா எடுத்து ரெண்டு தட்டை அட்டைக்கு நடுவுல வெச்சுக் கட்டுங்க. 32க்கு 32 குமிழ் (துண்டு மாட்டுற மேல்புடைப்பு) தட்டுன்னா ஒரு பக்கம் ஏறத்தாழ 25.5 செ.மீ. வரும், வளைஞ்சா விரிசல் விடும். வெளிப்பெட்டி அளவை அதை வெச்சு முடிவு பண்ணுங்க.

தூசிதட்டி
கவருக்குள்ள காத்தை அடைச்சு மூடாதீங்க. மேல போகப் போக அழுத்தம் குறைஞ்சு கவர் உப்பும், ஓரம் பிரிஞ்சிடும். செட்டுக்குள்ள முன்னாடி வந்த பிளாஸ்டிக் கவரை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஊசி முனையில குத்தின மாதிரி குட்டிக் குட்டி ஓட்டை இருக்கும். நீங்களும் ஊசியால நாலு குத்து குத்தி, காத்தை அழுத்தி வெளியேத்துங்க. செட்டைக் கழுவினீங்கன்னா முழுசாக் காய்ஞ்ச பிறகு கவர்ல போடுங்க.

நெளிஅட்டை
கழட்டும்போது பதமா. அந்தக் காலத்துல வந்த அடர் சிவப்பும் செம்பழுப்பும் சட்டுனு விரிசல் விடும். பல்லு, கத்தி எதுவும் வேண்டாம், பிரிக்கிற கருவியாலதான் எடுக்கணும்.

சின்னக்கை
ஒரிஜினல் பெட்டியைத் தட்டையா மடிச்சு அனுப்பினா செலவு பாதியாகுமே? கொரியர்காரங்க நிறைய பேர் பெட்டியோட நீளம் × அகலம் × உயரத்தை (செ.மீ.) 5000ஆல வகுத்து, வர்றதைக் கிலோ எடையா எடுத்துக்கறாங்க. உதாரணத்துக்கு 60×40×15 பெட்டியைச் சுத்தி 5 செ.மீ. விட்டா 70×50×25, அதாவது 17.5 கிலோவுக்குக் காசு. துண்டுகளை மட்டும் 35×30×20 பெட்டியில போட்டா 4.2 கிலோ. மடிச்ச அட்டைக்குத் தனியா கொஞ்சம்.

மூத்தவர்58
பெட்டியை மடிக்கவா? ஒட்டுன மடிப்பைப் பிரிச்சா அச்சுத் தாள் நார் நாரா கிழியும். சேகரிக்கிறவங்களுக்குப் பெட்டியும் செட்டோட ஒரு பாகம். அதைக் கெடுக்கச் சொல்றது செட்டைக் கெடுக்கச் சொல்றதுதான்.

சின்னக்கை
எல்லாரும் பெட்டியைப் பார்த்து வாங்கலை. என் பொண்ணுக்கு வாங்கிக் கொடுத்தப்போ, மடிச்சு வந்த பெட்டியை அவ திரும்ப ஒட்டி வெச்சா. அவளுக்கு வேண்டியது துண்டு.

மூத்தவர்58
குழந்தை விளையாடறது வேற, 2007 செட்டைக் காப்பாத்தறது வேற. மடிப்புக்கோடு ஒரு தடவை விழுந்தா போகாது.

கல்லடுக்கி
ரெண்டு பேரும் வாங்கினவர்கிட்ட கேக்காமலே சண்டை போடறீங்க. பெட்டி அவரோடது. மாடிவீடு, அவருக்கு இப்பவே ஒரு மெசேஜ் போட்டு எது வேணும்னு கேளுங்க.

நெளிஅட்டை
பெட்டியை முழுசா அனுப்பினா அதுமேல நேரா பபிள் ராப் சுத்தாதீங்க. அழுத்தத்துல குமிழ் தடம் வட்டம் வட்டமா அட்டையில பதியும். முதல்ல வழவழப்பான வெள்ளைத் தாள் ஒரு சுத்து, அதுக்கு மேல பபிள். டேப் அந்தப் பபிள் மேலதான், பெட்டி மேல இல்லை. எட்டு மூலைக்கும் அட்டையை "எல்" மாதிரி மடிச்சு காப்பு வைங்க. போன தடவை உங்களுக்குப் போனது மூலைதானே? மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் சுத்துங்க, மழையில நனைஞ்ச 5 பிளையும் கூழாகும்.

அப்புறம் பேக் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுங்க. தகராறு வந்தா அதுதான் கைகொடுக்கும்.

சின்னக்கை
மினிஃபிகரை (செட்டோட வர்ற குட்டி மனுஷ பொம்மை) மறந்துட்டோம். கழட்டாம, தனி கவர்ல, நடுவுல.

மூத்தவர்58
மடிக்கிறது தப்பு. இன்னமும் அதையேதான் சொல்றேன்.

மாடிவீடு_07
(ஒன்பது நாள் கழித்து)
ராத்திரி முழுக்க கழட்டி, மறுநாள் அனுப்பிட்டேன். நேத்து போய்ச் சேர்ந்துருச்சு, எல்லாம் சரியா இருக்காம். ஒரு செம்பழுப்புத் துண்டு மட்டும் கழட்டும்போது என் கையிலயே விரிசல் விட்டுது, அதை முன்னாடியே சொல்லித்தான் அனுப்பினேன். அவர் ஒத்துக்கிட்டார். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

சின்னக்கை
சந்தோஷம் ப்ரோ! பெட்டியை மடிச்சீங்களா, முழுசாவா?

மூத்தவர்58
நானும் அதைத்தான் கேக்கணும்னு வந்தேன்.

சின்னக்கை
மாடிவீடு? இருக்கீங்களா?