காய்ச்சலோடு ஓடப் போனவர்கள் யாராவது உண்டா?

அதிகாலை ஓட்டக்காரன்:

வெட்கத்தை விட்டு நானே ஆரம்பிக்கிறேன். அரை மாரத்தானுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. முதல் நாள் மாலை தொண்டை கரகரத்தது, இரவெல்லாம் உடம்பு வலி, காலையில் கண் எரிச்சல். தெர்மாமீட்டரைத் தொடவே இல்லை, தொட்டால் என்ன காட்டும் என்று தெரியும். ஒரு பாராசிட்டமால் போட்டேன், முக்கால் மணி நேரத்தில் உடம்பு லேசாகிவிட்டது, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 14 கிலோமீட்டர் ஓடக் கிளம்பினேன். வழக்கமாக 145 துடிப்பில் ஓடுகிற வேகத்துக்கு அன்று கைக்கடிகாரம் 168 காட்டியது. கடிகாரத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். (ஓடுவது என்று மனசு தீர்மானித்துவிட்டால் எதை வேண்டுமானாலும் நம்பும்.) ஏழாவது கிலோமீட்டரில் வியர்த்த உடம்பு கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தது. ஓடிப்போன தூரத்தை நடந்து திரும்ப ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மாத்திரையின் வேகம் அடங்கியதும் பார்த்தால் 39.2 டிகிரி.

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே நாடித்துடிப்பு பத்துக்குப் பக்கம் கூடும், அதன் மேல் நீ ஓட்டத்தையும் ஏற்றியிருக்கிறாய் என்றார். மாத்திரை சூட்டைத்தான் இறக்கியது, வைரஸ் அப்படியேதான் இருந்தது. அடுத்து அவர் சொன்னதில்தான் எனக்குக் குலை நடுங்கியது: ஃப்ளூ, கோவிட், காக்சாக்கி மாதிரி வைரஸ்கள் சில சமயம் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும், அபூர்வம்தான், ஆனால் அந்த நேரத்தில் கடுமையாக ஓடினால் துடிப்பு தாறுமாறாகி ஆளையே சாய்த்துவிடலாம். அப்படி வந்தவர்களை மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை விளையாட்டுப் பக்கமே விடமாட்டார்களாம். நல்லவேளை, என் ஈசிஜி சரியாக இருந்தது. பதினோரு நாள் படுத்தேன், அரை மாரத்தானும் போச்சு.

உங்கள் கதை என்ன?

இரும்பு தூக்கும் அக்கா:

தம்பி, காய்ச்சலோடு ஓடியது தப்புதான். அதற்காக மூக்கு ஒழுகினாலே போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்றும் இல்லை. நான் பல வருஷமாகக் கழுத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். தும்மல், மூக்கடைப்பு, லேசான தொண்டைக் கரகரப்பு என்று எல்லாம் கழுத்துக்கு மேலே நின்றால் பாதி எடையில் பாதி நேரம் செய்வேன். நெஞ்சுச் சளி, இருமல், வயிற்றுக் கோளாறு, உடம்பு வலி என்று கழுத்துக்குக் கீழே இறங்கினால் கிடையாது. காய்ச்சல் எங்கே சேரும் என்று கேட்க வேண்டாம், காய்ச்சல் என்றாலே கிடையாது.

இது வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் தாமஸ் வெய்ட்னர் குழுவினர் 50 பேருக்கு வேண்டுமென்றே சளி வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள், 1998ல் வெளியான ஆய்வு. 34 பேர் மிதமான உடற்பயிற்சியைத் தொடர்ந்தார்கள், 16 பேர் சும்மா இருந்தார்கள். சளியின் கடுமையிலும் அது நீடித்த நாட்களிலும் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் அது சாதாரணச் சளி, மிதமான பயிற்சி. ஃப்ளூவோடு ஸ்குவாட் போடுகிறவர்கள் இதைக் காட்டி வாதாட முடியாது. அப்புறம் இன்னொன்று, மூக்கடைப்பு மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் அதுவே இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். ஒரு தடவை அதைப் போட்டுக்கொண்டு வார்ம் அப்பிலேயே படபடப்பு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

சளி இருக்கும்போது ஜிம்முக்குப் போவதில்லை, வீட்டில்தான். நாம் தும்மிய கையோடு தொட்ட கம்பியை அடுத்தவர் பிடிக்க வேண்டுமா என்ன.

ஞாயிறு மட்டும் ஜிம்:

வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்று நம்பி டெட்லிஃப்ட் செய்யப் போனேன். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

நாற்பதுக்கு மேல்:

அக்கா சொன்ன கழுத்துக் கணக்கில் நான் முழுசாகப் பாஸ் ஆனவன், அப்படியும் மாட்டினேன். எனக்குச் சிறுநீர்த் தொற்று. சிப்ரோஃபிளாக்ஸசின் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நான்காம் நாள் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தேன். மறுநாள் காலை கட்டிலை விட்டுக் காலை ஊன்றியதும் குதிகாலுக்கு மேலே, அந்தத் தடித்த நாண் இருக்கிறதே, அங்கே கத்தியால் கீறியது போல வலி. மருந்துச் சீட்டை எழுதியவரும் சொல்லவில்லை, நானும் உள்ளே இருந்த காகிதத்தைப் படிக்கவில்லை. அந்த வகை ஆன்டிபயாடிக்குகள் தசைநாண்களைப் பலவீனப்படுத்தலாம், சில சமயம் அறுந்தே போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008லேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்திருக்கிறது. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். அறுந்து போகவில்லை என்பது என் அதிர்ஷ்டம். இரண்டு மாதம் நொண்டினேன். அதனால் என்ன நோய் என்று மட்டும் பார்க்காமல் என்ன மருந்து என்றும் பாருங்கள்.

மெதுநடை:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. 2021ல் கோவிட் வந்து போனது, பரிசோதனையில் நெகட்டிவ், மூச்சு சீராக இருந்தது. பத்து நிமிடம் நடந்து பார், சரியாக இருந்தால் தொடரு என்பார்களே, அதையும் செய்தேன், நாற்பது நிமிடம் ஜோராக நடந்தேன். அன்றைக்கு ஒன்றுமே இல்லை. மறுநாள் மாலை கை கால் ஈயம் மாதிரி கனத்தது, படித்த வரி மனதில் நிற்கவில்லை, இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. சோம்பல் என்று நினைத்து மறுபடி நடந்தேன், மறுபடி விழுந்தேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது: எனக்கு அடி அன்றே விழுவதில்லை, ஒரு நாள் தள்ளித்தான் விழுகிறது. உடம்பை வருத்தி எழுப்பப் பார்க்கப் பார்க்க இன்னும் மோசமாயிற்று. பிறகு ஐந்து நிமிடம் நடந்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்து பார்ப்பது என்று ஆரம்பித்து, பழைய நாற்பது நிமிடத்துக்குத் திரும்ப ஏழு மாதம் ஆனது.

அதிகாலை ஓட்டக்காரன்:

குதிகால் கதையைப் படித்துவிட்டு வீட்டிலிருந்த மருந்துக் காகிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் என்னை நம்புவதில்லை. காலையில் படுக்கையை விட்டு எழும்முன் நாடித்துடிப்பைப் பார்க்கிறேன். எனக்கு வழக்கமாக 56. ஐந்தாறு கூடியிருந்தால் முதல் நாள் சரியாகத் தூங்காததாகவும் இருக்கலாம், உடம்புக்கு ஏதோ வரப்போவதாகவும் இருக்கலாம், எதுவானாலும் அன்று ஓட்டம் இல்லை. ஒரு வாரம் ஓடாவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயமும் இப்போது இல்லை, பதினோரு நாள் படுத்தவன் இரண்டே வாரத்தில் பழைய வேகத்துக்கு வந்துவிட்டேன்.

இன்று காலை 61. மூக்கு மட்டும்தான் ஒழுகுகிறது. ஷூவை வெளியே எடுத்து வைத்தேன், பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வைத்துவிட்டேன்.