பழைய ஃபைபர் படகு: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

லேத்துப்பட்டறை_கடலூர்:

எல்லோருக்கும் வணக்கம். சோனங்குப்பத்துல ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருக்கேன். 22 அடி. தொழிலுக்கு இல்லை. ஞாயித்துக்கிழமை உப்பனாத்துல தூண்டில் போடணும், பையனுக்குப் படகு ஓட்டப் பழக்கணும், அவ்வளவுதான் ஆசை. சொந்தக்காரர் பெரிய படகுக்கு மாறினதிலிருந்து பூவரச மரத்தடியில நிமிர்ந்தபடியே கிடந்திருக்கு. மழைத்தண்ணியும் சருகும் மணலும் உள்ளேயே ஊறியிருக்கு.

இப்போதைய நிலைமை: வெளிப்பக்க நீலம் வெளுத்து, கையை வச்சுத் தேய்ச்சா மாவு மாதிரி வருது. படகோட முன்முனை அணியத்துக்குக் கீழே, கரையில இழுத்து இழுத்து ஜெல்கோட்டுங்கிற மேல்பூச்சு தேஞ்சு ரெண்டு சாண் நீளத்துக்கு நார் தெரியுது. அதுக்குள்ள ஒரு விரிசல் உள்பக்கம் வரைக்கும் போகுது. பின்பலகையில எஞ்சின் போல்ட் ஓட்டைகளுக்குக் கீழே பழுப்பு நிறத்துல கோடு வழிஞ்சிருக்கு. படகும் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் கனம். ஆறு பேர் சேர்ந்துதான் வண்டியில ஏத்தினோம்.

லேத்து, வெல்டிங், டிரில்லிங் எல்லாம் கைவந்த வேலை. ஃபைபர் நாரை இறுக்கிப் பிடிக்கிற ரெசினைத் தொட்டதே இல்லை. பெயிண்ட் கடைக்காரர் புட்டி வச்சு எனாமல் அடிச்சா போதும்ங்கிறார். எனக்கு மனசு ஒப்பலை. 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் பின்பலகையில மாட்டலாம்னு நினைக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வலைக்கயிறு:

அண்ணே, ரொம்ப யோசிக்காதீங்க. கிரைண்டர் போட்டுச் சுரண்டி ரெண்டு மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டுங்க, காய்ஞ்சதும் பெயிண்ட். எங்க ஊர்ல காலையில மேட் போட்டு மறுநாள் கடலுக்குப் போறவங்க இருக்காங்க. ஐப்பசி, கார்த்திகையில மட்டும் இந்த வேலையை வச்சுக்காதீங்க. ஈரத்துல மேட் பிடிக்காது.

யார்டு_மேஸ்திரி:

வலைக்கயிறு தம்பி சொல்றது தொழில் படகுக்கு, அவசரத்துக்கு. நாளைக்கு வலை விட்டாதான் அடுப்பு எரியும்ங்கிறவங்களுக்கு வேற வழியில்லை. உங்களுக்கு அவசரம் இல்லையே ஐயா, நிதானமாவே செய்யலாம். நான் நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் யார்டுல மேஸ்திரியா இருந்தவன். ரெசின் வாசனையிலேயே பாதி வயசு போச்சு. நீங்க எழுதினதுல என்னை உறுத்துறது அணியத்து விரிசல் இல்லை. அது கண்ணுக்குத் தெரியுற காயம். போல்ட் ஓட்டைக்குக் கீழே வழியுற பழுப்புக் கோடும், அந்தக் கனமும்தான். அது ரெண்டும் என்னன்னு தெரியாம ஒரு கிலோ ரெசின்கூட வாங்காதீங்க.

பின்பலகை முழுக்க ஃபைபர் கிடையாது. ரெண்டு பக்கமும் ஃபைபர், நடுவுல பிளைவுட். போல்ட் ஓட்டையைச் சரியா அடைக்காம விட்டா அது வழியாத் தண்ணி இறங்கி, பலகை அடியிலிருந்து அழுக ஆரம்பிக்கும். வெளியே பார்த்தா பளபளன்னு இருக்கும். சின்ன மரச் சுத்தியல் எடுத்து மேலிருந்து கீழே கைவிரல் அகலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே வாங்க. நல்ல பலகை 'டக் டக்'னு பேசும், ஊறினது 'பொத்'துனு கேக்கும். சந்தேகப்பட்ட இடத்துல உள்பக்கமிருந்து 6 மி.மீ. டிரில் போட்டு, வெளித்தோலைத் துளைக்காம நிறுத்துங்க. முதல் ஓட்டை கீழ்மூலையில. தண்ணி தங்குறது அங்கேதான். டிரில் பிட்ல வர்ற தூளைக் கையில வாங்கிப் பாருங்க. வெளிர் நிறத்துல உதிர்ந்தா பலகை உயிரோட இருக்கு.

அடுத்தது தடிமன். 2004 சுனாமிக்கு அப்புறம் கரை முழுக்க ஒரே சமயத்துல படகு கேட்டாங்க. நல்ல படகும் வந்தது, மேட்டைக் குறைச்சு ரெசினையும் பவுடரையும் கொட்டித் தடிமன் காட்டின படகும் வந்தது. உங்க படகு எந்த ரகம்னு பெயிண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. விரிசல் விட்ட இடத்துல எப்படியும் வெட்டத்தான் போறீங்க. அங்கே ஹோல் சா போட்டு ஒரு வில்லை எடுங்க. வெர்னியர் வச்சு அளந்து, எடை பார்த்துக் குறிச்சுக்குங்க. அப்புறம் திறந்த வெளியில, காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு, இடுக்கியில பிடிச்சு எரிச்சுடுங்க. ரெசின் எரிஞ்சு போயிடும், கண்ணாடி நார் மட்டும் அடுக்கடுக்கா நிக்கும். ஆறினதும் ஒவ்வொரு அடுக்கா உரிச்சு எண்ணலாம். தாறுமாறா இருக்கிறது மேட், பாய் பின்னினாப்புல இருக்கிறது ரோவிங். மிச்சத்தை எடை போட்டா கண்ணாடி எவ்வளவுன்னு கணக்கு கிடைச்சுடும். மேட் மட்டும் போட்டதுன்னா மொத்த எடையில நூத்துக்கு 30க்குக் குறையக் கூடாது. ரோவிங் கலந்தா இன்னும் கூட இருக்கணும். பெரிய தராசு வேண்டாம், நகைக்கடைத் தராசு போதும்.

கனத்துக்குக் காரணம் பெரும்பாலும் அடித்தளத்துக்குக் கீழே மிதவைக்கு அடைச்ச ஃபோம். தண்ணியைக் குடிச்சுட்டா ஃபோம் விடாது, வெயில்ல எத்தனை நாள் போட்டாலும் காயாது. தளத்துல கை நுழையுற அளவுக்கு ஒரு சதுரம் வெட்டிப் பிழிஞ்சு பாருங்க. பார்த்துட்டு எழுதுங்க.

லேத்துப்பட்டறை_கடலூர்:

மேஸ்திரி ஐயா, நீங்க சொன்னபடியே பார்த்தேன். பின்பலகையில மேல் ரெண்டு ஓட்டையிலயும் வெளிர் தூள். கீழ் மூலை ரெண்டுலயும் கறுத்த ஈரச் சக்கை வந்தது. இடது மூலையில டிரில் எடுத்ததும் பழுப்புத் தண்ணி சொட்டு சொட்டா இறங்கி ராத்திரி வரைக்கும் நிக்கலை.

ஆனா வில்லை நல்ல சேதி சொல்லுது. தடிமன் 6 மி.மீ. எரிச்சு உரிச்சதுல நாலு மேட், ரெண்டு ரோவிங். எடையில நூத்துக்கு 38 கண்ணாடி. அந்த அடுக்குகளைப் பையன் வரிசையா ஒரு அட்டையில ஒட்டி வச்சிருக்கான்.

தளத்துக்குக் கீழே பாதிக்கு மஞ்சள் ஃபோம், பாதிக்குத் தெர்மாகோல். ஃபோம் பிழியப் பிழியத் தண்ணி. தெர்மாகோல் பரவாயில்லை. அதை அப்படியே வச்சு மேலே மேட் போட்டு மூடிடலாமா? ரெசின்ல பாலியெஸ்டரா எப்பாக்ஸியா, எது வாங்குறது?

ஆய்வகம்_புதுச்சேரி:

தெர்மாகோல் மேல நேரடியா பாலியெஸ்டர் ரெசின் ஊத்தாதீங்க சார். ரெசின்ல ஸ்டைரீன் இருக்கு, அது தெர்மாகோலைக் கரைச்சுடும். மூடின தளத்துக்குள்ள வெறும் குழிதான் மிஞ்சும். தடிமனான பாலித்தீன்ல சுத்தி ஓரம் ஒட்டி வைங்க, இல்லேன்னா அந்த இடத்துக்கு எப்பாக்ஸி பயன்படுத்துங்க.

நான் கல்லூரியில வேதியியல் ஆய்வகம் பார்க்கிறவள். ஒரு விஷயத்தைக் கெஞ்சியே கேட்டுக்கிறேன். கடையில ரெசினோட, இறுகுறதை வேகப்படுத்துற கோபால்ட்டும் இறுக வைக்கிற எம்.இ.கே.பி. ஹார்டனரும் தனித்தனியாக் கொடுத்தா, ரெண்டையும் ஒருபோதும் நேரடியாக் கலக்காதீங்க. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதல்ல ரெசின்ல கோபால்ட்டை முழுசாக் கலக்கி, அப்புறம்தான் ஹார்டனர். ரெண்டுக்கும் ஒரே குச்சி, ஒரே அளவுக் குவளை கூடாது. கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினான்னு கடையிலயே கேட்டுக்குங்க. ஹார்டனர் கண்ணுல பட்டா பார்வையே போகலாம். கண்ணாடி போடாம மூடியைத் திறக்கவே வேண்டாம். பட்டுட்டா உடனே கால் மணி நேரம் விடாமத் தண்ணியில கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பையனும் கூட இருக்கான்னு எழுதியிருக்கீங்க, அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

யார்டு_மேஸ்திரி:

அம்மா சொன்னதை அச்சடிச்சுப் பட்டறைச் சுவத்துல ஒட்டுங்க. கூடவே ஒண்ணு: கலந்து மிச்சமான ரெசினை வாளியில மொத்தமா விடக் கூடாது. தானே சூடாகிப் புகையும். தகரத்துல பரப்பி வெயில்ல வச்சுடணும்.

ஐயா, 6 மி.மீ., 38ன்னு பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாரோ மனசாட்சியோட போட்ட உடம்பு அது. அதுக்கு உழைக்கலாம். ஃபைபர் மக்காது. கரையோரம் இந்த மாதிரி உடம்புகள் குப்பையாக் கிடக்குறதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

ஊறின ஃபோம் முழுக்க வெளியே போகட்டும், ஒரு துண்டுகூட வேண்டாம். பின்பலகைக்கு வெளித்தோலைத் தொடாதீங்க, அதுதான் உங்களுக்கு அச்சு. உள்தோலைச் சுத்திலும் நாலு விரல் ஓரம் விட்டு வெட்டி எடுத்து, அழுகின பலகையை உளியால சுரண்டி, வெறும் ஃபைபர் தெரியுற வரைக்கும் கிரைண்டர் போடுங்க. மரத்துணுக்கு ஒண்ணு மிஞ்சினாலும் அங்கே ஒட்டாது. அப்புறம் காயணும். காஞ்சுடுச்சான்னு பார்க்க ஒரு சதுரம் பாலித்தீனை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் வெயில்ல விடுங்க. உள்பக்கம் முத்து முத்தா வேர்த்தா இன்னும் பொறுக்கணும். கத்திரி வெயில் இதுக்கு நல்ல காலம்.

பிளைவுட்ல ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் மட்டும் வாங்குங்க, 18 மி.மீ. ரெண்டு தாள். ஓரங்களுக்கு ரெசின் குடிப்பாட்டி, ரெண்டு தாளுக்கும் நடுவுல ரெசின்ல நனைச்ச 450 மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) ஒண்ணு வச்சு, வெளியில சட்டம் கொடுத்து போல்ட் போட்டு இறுக்குங்க. மூலைகள்ல செங்கோணம் நிக்கக் கூடாது, மேட் அங்கே தூக்கிக்கும். ரெசின் புட்டி வச்சு வளைவா ஆக்கிட்டு, மேட்டும் ரோவிங்கும் மாத்தி மாத்தி, பக்கச்சுவர் மேலயும் அடி மேலயும் ஒரு சாண் ஏறுறாப்புல போடுங்க. ஒவ்வொரு அடுக்கும் முந்தினதைவிட ரெண்டு விரல் தள்ளி முடியட்டும்.

அணியத்து விரிசலை ஓரம் சரிவாத் தேய்க்கணும், தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு. உங்களுக்கு 72 மி.மீ. வருது. நிறைய பேர் இங்கேதான் சோம்பல் படுவாங்க, ஒட்டு அப்படியே தட்டு மாதிரி கழண்டு வந்துடும்.

இந்த வேலை எல்லாத்துக்கும் பாலியெஸ்டரே போதும், மலிவும்கூட. எப்பாக்ஸி பிடிப்பு ஜாஸ்திதான். ஆனா சாதா மேட்ல இருக்கிற பசை அதுல கரையாது, பசை இல்லாம நூலால தச்ச நார்த்துணி தேடணும். எப்பாக்ஸி போட்ட இடத்துல அப்புறம் பாலியெஸ்டர் சரியா ஒட்டாது. எஞ்சின் போல்ட் ஓட்டைக்கு மட்டும் எப்பாக்ஸி வாங்குங்க. அளவைவிடப் பெருசாத் துளைச்சு, எப்பாக்ஸியால அடைச்சு, இறுகினதும் அதுக்கு நடுவுல சரியான அளவுல துளைக்கணும். போல்ட் வழியா ஒரு சொட்டு இறங்கினாலும் மரத்தைத் தொடாது.

450 மேட் ஒரு சதுர மீட்டருக்கு ரெசின் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட வேணும். ஹார்டனர் கிலோவுக்கு 10லிருந்து 20 மில்லி. நம்ம ஊர் வெயில்ல 10 பக்கம் நின்னா போதும், ஆனா அதுக்குக் கீழே போகாதீங்க, ரெசின் கடைசி வரைக்கும் இறுகாது. விடிகாலையில ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுடுங்க. கிரைண்டர் போடும்போது முழுக்கைச் சட்டை, நல்ல மாஸ்க். கைக்குட்டை கட்டிக்கிட்டா அந்தத் தூள் நெஞ்சுக்குள்ளதான் போகும்.

எஞ்சின் வாங்குறதுக்கு முன்னாடி பின்பலகை உயரத்தை அளந்துடுங்க. ஷார்ட் ஷாஃப்டு (குட்டைத் தண்டு) எஞ்சினுக்கு 15 அங்குலம், லாங் ஷாஃப்டுக்கு (நீளத் தண்டு) 20. படகுல பழைய ஐ.என்.டி. டி.என். பதிவு எண் இருந்தா அதை அழிக்காதீங்க. பழைய சொந்தக்காரரைக் கூட்டிக்கிட்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்ப் பதிவை என்ன பண்றதுன்னு முதல்ல கேட்டுடுங்க. ஆத்துல மட்டும்தானேன்னு விட்டுடாதீங்க, முகத்துவாரம் பக்கம் போனா கடலோரக் காவல் கேப்பாங்க.

வலைக்கயிறு:

அண்ணே, மேஸ்திரி சொல்றதுதான் சரி. 450 மேட் முதுநகர்லயே கிடைக்கும். ரோலா வாங்காதீங்க, ஈரக்காத்துல கெட்டுடும். தேவைக்கு வெட்டி, கவரோட வாங்குங்க.

லேத்துப்பட்டறை_கடலூர்:

எல்லாருக்கும் நன்றி. உள்தோலை வர்ற ஞாயிறு வெட்டுறேன்.

யார்டு_மேஸ்திரி:

வெட்டினதும், பலகை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம் போடுங்க. பின்பலகையும் ஏராவும் (அடி நடுத்தண்டு) சேர்ற மூலை தெளிவாத் தெரியணும். அங்கே பழைய மேட் தூக்கியிருந்தா அதையும் சேர்த்து எடுக்கணும்.