ஊர்ல பயமா, வெளிநாட்ல பயமா? உங்க அனுபவத்தை எழுதுங்க

மதுரைப்பொண்ணு:

நான் லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கேன், ஆறு வருஷமாச்சு. போன மாசம் ஸ்டேஷன் வாசல்ல பஸ் எப்ப வரும்னு போனைப் பாத்துட்டு நின்னேன், சத்தமே இல்லாம ஒரு எலெக்ட்ரிக் பைக் நடைபாதை மேல ஏறி வந்துச்சு, முகத்தை மூடுன ஒருத்தன் கைல இருந்து போனை உருவிட்டுப் போயிட்டான், ரெண்டு செகண்ட் கூட இருக்காது. ஸ்டாப்ல பத்து பேர் நின்னாங்க. ஒரு அம்மா மட்டும் ஒண்ணும் ஆகலியேன்னு கேட்டாங்க, அதுக்குள்ள அவங்க பஸ் வந்துருச்சு, ஏறிட்டாங்க. போன் போனதை விட யாருமே ஒரு சத்தம் போடலையேங்கறதுதான் எனக்கு நெஞ்சுல நின்னுச்சு.

ஏன்னா 2017ல மதுரைல எங்கம்மா விடியக்காலைல கோலம் போட்டுட்டு இருக்கப்ப பைக்ல வந்த ரெண்டு பேர் தாலிச் செயினை இழுத்தானுங்க. அம்மா ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு விடல. பாதி செயின் அவன் கைல, பாதி அம்மா கைல, கழுத்தைச் சுத்தி செக்கச்செவேல்னு ஒரு கோடு. அவங்க கத்துன கத்துல தெருவே திரண்டுருச்சு, இஸ்திரி போடுற அண்ணன் வண்டிய எடுத்துட்டு துரத்துனாரு, பால்காரர் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாரு. அதுல இருந்து அம்மா கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும்தான்.

ஆனா அதே மதுரைல காலேஜ் படிக்கிறப்ப பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து டவுன் பஸ்ல வரணும்னா கைல ஊக்கு இல்லாம நான் ஏறுனதே இல்ல. ஒருநாள் வேணும்னே உரசுன ஒருத்தனைக் குத்திட்டேன், அவன் கத்துனான், பஸ்ஸே திரும்பி என்னைத்தான் பாத்துச்சு. இந்நேரத்துக்கு எதுக்கும்மா தனியா வர்றன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. செயினுக்கு ஓடி வந்த ஊர் இதுக்கு வரல. இங்க ராத்திரி ஒரு மணி பஸ்ல வந்திருக்கேன், ஊக்கைத் தேடுனதில்ல.

அதுக்காக இங்க பயமே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். 2024ல சவுத்போர்ட்ல சின்னக் குழந்தைகளைக் குத்திக் கொன்னதுக்கு அப்புறம் வெளிநாட்ல இருந்து வந்தவங்களுக்கு எதிரா ஊர் ஊரா கலவரம் வந்துச்சுல்ல, அந்த வாரம் வாட்ஸ்அப்ல அடுத்து எங்கெங்க வரப் போறாங்கன்னு லிஸ்ட் சுத்துச்சு. ஆகஸ்ட் 7 லிஸ்ட்ல வால்தம்ஸ்டோ இருந்துச்சு, எங்க வீட்ல இருந்து ரொம்ப தூரமில்ல. மகளை வெளிய விடவே இல்ல, ஜன்னல் ஸ்கிரீனைக் கூட இழுத்து மூடிட்டேன். கடைசில அங்க வந்து நின்னது அவங்களை எதிர்த்து வந்த ஆயிரக்கணக்கான ஜனங்கதான், டிவில பாத்து அழுதுட்டேன். ஆனாலும் என் தோல் நிறத்துக்காக பயப்படணும்னு மதுரைல ஒருநாளும் தோணுனதில்ல.

புதுக்கோட்டைக்காரன்:

சிங்கப்பூர் ஹாக்கர் சென்டர்ல, அதாவது சாப்பாட்டுக் கடைங்க வரிசையா இருக்கற இடத்துல, ஒரு டிஷ்யூ பாக்கெட்டை டேபிள்ல வச்சுட்டா அந்த இடம் நம்மளுது, சில பேர் போனையே வச்சுட்டு சாப்பாடு வாங்கப் போவாங்க. அதே பழக்கத்துல லீவுக்கு வந்தப்ப திருச்சில ஒரு ஹோட்டல்ல போனை டேபிள்ல விட்டுட்டு கை கழுவப் போயிட்டேன், சர்வர் தம்பி எடுத்து தன் பைக்குள்ள வச்சுக்கிட்டு நான் வர்ற வரைக்கும் அங்கயே நின்னாப்ல, இப்படியெல்லாம் வைக்காதீங்க சார்னு கோவமா சொல்லிட்டுத்தான் கொடுத்தாப்ல. நான் பணம் தொலைச்சது சிங்கப்பூர்லதாங்க. பேங்க்ல இருந்து பேசுறேன்னு வந்த கால்ல ஓடிபி சொல்லி 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போச்சு. அங்க இருக்கறவங்க சந்தேகமா கால் வந்தா 1799க்கு போன் பண்ணி கேட்டுக்கலாம், நம்பரை சேவ் பண்ணி வைங்க.

ஸ்காபரோவில இருந்து:

நாங்கள் யாழ்ப்பாணம். எங்களுக்குப் பயம் எண்டால் கள்ளன் இல்லை, சென்றி, ஆமியும் பொலிசும் மறிச்சுச் சோதிக்கிற இடம். 90கள்ல கொழும்பில அறை எடுத்து இருக்கேக்க பொலிஸ் பதிவுத் துண்டும் ஐசியும் (அடையாள அட்டை) இல்லாமல் பாண் வாங்கக்கூட வெளிய இறங்கமாட்டம். இஞ்ச கனடாவில இப்ப கார் களவுதான் பெரிய கதை, 2024ல ரொறன்ரோ பொலிஸ்காரர் ஒருத்தரே கூட்டத்தில, கள்ளர் வீட்டுக்குள்ள வராமல் இருக்கோணுமெண்டால் கார் திறப்பை (சாவியை) வாசல் கதவடியில வையுங்கோ எண்டு சொன்னவர். அதைக் கேட்டாப் பிறகு பக்கத்து வீட்டு அண்ணைக்கு நித்திரையே இல்லை, நாலு கமரா பூட்டி வச்சிருக்கிறார். எனக்கு அந்தப் பயம் வரேல்லை. ஆனால் றோட்டில பொலிஸ் கார் மெதுவாப் போனால் இண்டைக்கும் கை தானாப் பொக்கெற்றைத் தடவும், ஐசி கிடக்கோ எண்டு. போன கிழமை மகன் கேட்டவன், "என்னப்பா தேடுறீங்கள்?"