பேக்கப் இருந்தும் சர்வர் மீளவில்லை: மென்பொருளைத் தேர்ந்தெடுத்த வடசென்னை அனுபவங்கள்

வியாசர்பாடியிலிருந்து

2023 டிசம்பர் தொடக்கத்தில், மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தரைத்தள அலுவலகத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தரும் சிறிய நிறுவனம் எங்களுடையது. கணக்குகள், சரக்கு ஆவணங்கள், பார்ட்டிகளின் நிலுவைப் பட்டியல் அனைத்தும் ஒரே சர்வரில் இருந்தன. ஒவ்வோர் இரவும் பேக்கப், அதாவது அவற்றுக்கு மாற்று நகல் எடுக்கும் வேலை, தவறாமல் ஓடியது. ஆனால் அது போய்ச் சேர்ந்த யுஎஸ்பி ஹார்டு டிஸ்க், சர்வர் இருந்த அதே கேபினட்டின் கீழ்த்தட்டில் இருந்தது. தண்ணீர் வடிந்து கதவைத் திறந்த அன்று அந்த டிஸ்கைக் கையில் எடுத்துச் சாய்த்தேன். உறையின் ஓரத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. ஆடிட்டர் அலுவலகத்தில் ஆகஸ்ட் மாதத்து நகல் ஒன்று இருந்ததால் அதுவரையிலான கணக்கு பிழைத்தது. எஞ்சிய நான்கு மாதங்களைப் பழைய மின்னஞ்சல்களையும் பார்ட்டிகள் அனுப்பிய தாள்களையும் வைத்து மறுபடி தட்டச்சு செய்தோம்.

அதன்பிறகு நல்ல பேக்கப் மென்பொருள் தேடத் தொடங்கியபோது, வந்த விற்பனையாளர்கள் எல்லோரும் எத்தனை ஜிபி என்றே கேட்டார்கள். நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்ட கேள்விகள் வேறு. எவ்வளவு நேரத்து வேலையை இழந்தால் தாங்குவோம்? சர்வர் போனால் எவ்வளவு நேரத்துக்குள் மீண்டும் வேலை நடக்க வேண்டும்? எங்களுக்கு முதலாவதன் பதில் அரை நாள். இரண்டாவதன் பதில் மறுநாள் காலை. இந்த இரண்டையும் எழுதி வைத்த பிறகு பல விளம்பரங்கள் தாமாகவே விலகிப் போயின. உதாரணமாக, கிளவுடில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். எங்கள் தரவு 2 டெராபைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதைத் திரும்ப இறக்க, இடையில் ஒரு நொடி கூட அறுந்து போகாவிட்டாலும், ஏறத்தாழ 45 மணி நேரம் ஆகும். புயலுக்கு மறுநாள் வடசென்னையில் மின்சாரமும் இணையமும் எப்படி இருக்கும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பாரிமுனைக் கிளையின் முதல் மாடியில் ஒரு நகலும், மும்பை டேட்டா சென்டரில் ஒரு நகலும் என்று முடிவு செய்தோம். ஒரே மழையில் வியாசர்பாடியும் பாரிமுனையும் சேர்ந்து முடங்கலாம் என்பதால் ஊருக்கு வெளியே ஒன்று கட்டாயம் வேண்டும். மேலும், கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களுக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் இருக்க வேண்டும் என்று 2022இல் விதி திருத்தப்பட்டிருப்பதால், வெளிநாட்டில் மட்டும் சேமிக்கும் சேவைகளை நாங்கள் பரிசீலிக்கவே இல்லை.

பழைய கணினி ஒன்றை முழுவதும் அழித்துவிட்டு, ஒவ்வொரு மென்பொருளையும் கொண்டு அதில் எங்கள் சர்வரை எழுப்ப முயன்றோம். ரெஸ்டிக் என்ற மென்பொருள் எங்கள் கோப்புகளை ஒழுங்காகத் திருப்பித் தந்தது. ஆனால் விண்டோஸை முதலில் நாமே நிறுவியாக வேண்டும். பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்பது விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள்) வைத்திருப்போருக்கு அருமையானது. எங்களிடம் அவை இல்லை. வீம் என்ற மென்பொருள், விண்டோஸ் இயங்குதளத்தோடு சேர்த்து முழு ஹார்டு டிஸ்கையும் மீட்கும் என்பதால் அதை முதன்மையாக எடுத்துக்கொண்டோம். அதிலும் முதல் முயற்சி தோற்றது. வெற்றுக் கணினியைத் தொடக்கி வைக்கும் மீட்புப் பென் டிரைவில், மாற்றுக் கணினியின் ரெய்டு கன்ட்ரோலருக்கான (ஹார்டு டிஸ்க்குகளைக் கையாளும் அட்டை) டிரைவர் மென்பொருள் இல்லாததால் திரையில் ஹார்டு டிஸ்க்கே தெரியவில்லை. இந்தக் குறை வெள்ளத்தன்று தெரிய வந்திருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. மும்பைக்கு ஆவணங்களை அனுப்ப ரெஸ்டிக்கை வைத்துக்கொண்டோம். அதன் கடவுச்சொல் தொலைந்தால் நகலைத் திறக்கவே முடியாது என்பதால், தாளில் எழுதி முதலாளி வீட்டுப் பீரோவில் ஒன்றும் வங்கி லாக்கரில் ஒன்றுமாக வைத்திருக்கிறோம்.

பெரம்பூரிலிருந்து

வியாசர்பாடி நண்பருக்குத் தண்ணீர். எங்கள் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள். ஒரு திங்கட்கிழமை காலை எல்லாக் கோப்புகளின் பெயர்களும் மாறியிருந்தன. பேக்கப் சேமிக்கும் நாஸ் பெட்டியை (நெட்வொர்க் வழி இணையும் ஹார்டு டிஸ்க் பெட்டி) சர்வரில் இசட் டிரைவாக இணைத்து வைத்திருந்ததால், சர்வரின் அட்மின் கணக்கைக் கைப்பற்றியவர்கள் அதையும் பூட்டிவிட்டார்கள். பரிசோதனை முடிவுக்காக வரிசையில் நின்றவர்களிடம், ரத்தம் மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்ல நேர்ந்த அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது நாங்கள் பார்க்கும் முதல் தகுதி, சர்வரின் கடவுச்சொல் திருடர் கையில் இருந்தாலும் பழைய நகல்களை அழிக்க முடியாதபடி அந்த மென்பொருள் தடுக்குமா என்பதுதான். போர்க் என்ற மென்பொருளில், பழையதைத் தொடாமல் புதிய நகல்களைச் சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறை இருக்கிறது. வீமில் குறித்த நாள்வரை மாற்ற முடியாதபடி நகல்களைப் பூட்டும், லினக்ஸ் கணினியில் அமைக்கும் சேமிப்பிடம் இருக்கிறது. எதை எடுத்தாலும், பேக்கப் பெட்டிக்குத் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் வையுங்கள்.

மணலியிலிருந்து

நாங்கள் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்புகளை ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி மூலம் நகலெடுத்து வந்தோம். மீட்டபோது டேட்டாபேஸ் எழவில்லை. பாதி எழுதப்பட்ட நிலையில் கோப்புகள் நகலாகியிருந்தன. இப்போது டேட்டாபேஸின் சொந்தக் கருவியால் டம்ப் (முழுத் தரவையும் தனிக் கோப்பாக எழுதிய நகல்) எடுத்த பிறகே, பேக்கப் மென்பொருள் அந்த டம்பை நகலெடுக்கிறது. பேக்கப் இருக்கிறது என்று நம்பி ஏமாறுவது பெரிய இடங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுவோருக்கான இணையச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனம் தன் டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்துவிட்டுத் தேடியபோது, டம்ப் கருவியின் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் எடுக்கப்படவே இல்லை என்பது தெரிய வந்தது. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த நகல் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது.

வியாசர்பாடி ஐயா, நீங்கள் கடைசியாகச் சர்வரை மீட்டு ஒத்திகை பார்த்தது எப்போது, எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

வியாசர்பாடியிலிருந்து

சென்ற சனிக்கிழமை பார்த்தோம் ஐயா. பாரிமுனை நகலிலிருந்து வெற்றுக் கணினியில் எழுப்ப 5 மணி 20 நிமிடம் ஆயிற்று. அதில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கணக்கு மென்பொருளின் உரிம எண்ணைத் தேடியதிலேயே போயிற்று. அதை மீட்புப் பென் டிரைவோடு ஒரே உறையில் போட்டு, உறையின் மேல் தேதியும் எழுதிவிட்டேன்.