கராஓரியின் உட்பக்கம்

டோக்கியோவில் உயேனோ பூங்காவுக்குள் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில்தான் முதன்முறையாகக் கராஓரியைப் பார்த்தேன். ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான நோ நாடகத்தில் பெண் பாத்திரங்களுக்கு மேலே போர்த்தும் பட்டு உடை. பூக்களெல்லாம் துணியிலிருந்து எழும்பி நின்றதால் ஊசி வேலை என்றே நினைத்து, குறிப்பேட்டில் ‘பூத்தையல்’ என்று எழுதிக்கொண்டேன்.

அப்புறம் வேறோர் அருங்காட்சியகத்தின் ஆய்வறையில் எடோ காலத்துக் (1603–1868) கராஓரி ஒன்றை மேசையில் விரித்துக் காட்டினார்கள். கீழ் ஓரத்தில் உள்துணி பிரிந்திருந்தது. அந்த இடைவெளியில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஊசி போன தடமே இல்லை. முறுக்கேறாத வண்ணப் பட்டு ஊடைகளை, அதாவது குறுக்கு நூல்களை, தறியிலேயே தளர்வாக மிதக்கவிட்டுப் பூவாக்கியிருந்தார்கள். பூத்தையல் என்று எழுதியதை அங்கேயே அடித்தேன்.

அடித்தளத்தில் சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக மாறின. நெய்வதற்கு முன்பே பாவு நூலை, அதாவது நெடுக்கு நூலை, கட்டிச் சாயமிடுவதால் கட்டங்களின் விளிம்பு லேசாகக் கலைந்து தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கலைந்த விளிம்புதான். சிவப்பு இருந்தால் இளம்பெண் பாத்திரம், ‘இரோஇரி’. இல்லாவிட்டால் நடுவயதுப் பெண், ‘இரோநாஷி’. அடர்பழுப்பு நூல் இருந்த இடங்கள் மட்டும் பொடிந்து போயிருந்தன. சாயம் பிடிக்கச் சேர்த்த இரும்பு, பட்டைக் காலப்போக்கில் தின்றுவிடுகிறது. புத்தகத்தில் வரும் படங்களில் இதெல்லாம் கண்ணில் படாது. வாய்ப்புக் கிடைத்தால் உட்பக்கத்தையும் தையலையும் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

---

அருங்காட்சியகத்தில் பார்த்த கராஓரியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நானும் சொல்லியாக வேண்டும். நான் கராஓரியைப் பார்த்தது மேடையில், ‘அவோய் நோ உவே’ என்ற நோ நாடகத்தில். காதலன் கெஞ்சியின் மனைவி அவோய்மேல் பொறாமையில் வெந்து வரும் ரொகுஜோ சீமாட்டியின் ஆவி கராஓரிக்கு உள்ளே முக்கோணச் செதில் அச்சிட்ட உடை உடுத்தியிருக்கும். பாம்புச் செதில். மேலுடை நழுவும்வரை அது கழுத்தோரத்தில் கொஞ்சமாகத்தான் தெரியும்.

சரி, அவள் தாக்க வரும் அவோயாக நடிப்பது யார்? அந்தப் பாத்திரத்துக்கு நடிகரே கிடையாது. மேடையின் முன்விளிம்பில் கிடத்திய ஒரு கொசொதேதான் (குறுகிய கைத்திறப்புள்ள கிமோனோ உடை) நோயாளி அவோய். ஆவி விசிறியால் அதை அடிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாடகம் முடிந்து உதவியாளர் அந்த உடையை எடுத்துப் போகும்வரை என் கண் அதைவிட்டு நகரவில்லை.