துறையை ஒதுக்குவது வேறு, பற்று எழுதுவது வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் பல பயனர் இயங்குதளக் கையேட்டில் பிரிண்டர், சீரியல் போர்ட் (கேபிள் வழியே தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் இணைப்பு வாய்) பற்றிய அத்தியாயம் என் கைக்கு வந்திருக்கிறது. போர்ட்டுக்குத் ‘துறை’ என்பதில் எனக்குத் தடையில்லை. காவல் துறை, பொதுப்பணித் துறை என்று நினைவு ஓடுகிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். செட்டிநாட்டுக்காரனான எனக்குத் துறை என்றதும் நாகப்பட்டினம்தான் நினைவுக்கு வருகிறது. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்கள் அங்கே கப்பல் ஏறினார்கள். சரக்கு ஏறி இறங்கும் இடம் துறை. அது போதும்.

எனக்கு இடறுவது ‘ஒதுக்கீடு’. முதல் சீரியல் துறைக்கு 4-ஆம் எண் குறுக்கீடு (சாதனம் செயலியைக் கூப்பிடும் சைகை), இரண்டாவதற்கு 3-ஆம் எண் என்று வன்பொருளில் வகுத்திருப்பதும் ஒதுக்கீடு என்கிறோம். டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் ஒருவரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துத் துறையைத் தொட உரிமை கொடுப்பதும் ஒதுக்கீடு. ஒரு நிரல் ஓடும்போது துறையைக் கையில் எடுத்து, வேலை முடிந்ததும் விட்டுவிடுவதும் ஒதுக்கீடு! முதல் இரண்டுக்கும் சொல் பொருந்துகிறது. எங்கள் பக்கத்து வளவு வீட்டில் (கூட்டுக் குடும்பப் பெரிய வீடு) ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும், ஓர் அறை என்று பிரித்துவிடுவார்கள். அவர் வெளியூரில் இருந்தாலும் அறை அவருடையதுதான். மூன்றாவது அப்படியில்லை. வி.எம்.எஸ். என்ற பழைய இயங்குதளத்தில் இதற்கான கட்டளையின் பெயரே ‘அலகேட்’ (ஒதுக்கு) என்பதால் நம்மவர்கள் அப்படியே பெயர்த்துவிட்டார்கள். ஆனால் அங்கேயும் பயனர் வெளியேறியதும் அந்தப் பிடி போய்விடும்.

சரி, ‘பூட்டு’ என்று வைக்கலாமே என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் ஏன் உடன்படவில்லை என்பதற்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஓர் எடைமேடையில் லினக்ஸ் கணினி ஒன்று, அதில் இரண்டு முனையங்கள். எடை காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் கணினிக்கு வருகிறது. ஒரு நாள் காலையில் போன். “தம்பி, பெட்டியில 12460 காட்டுது, பில்லுல 140ன்னு விழுது. ஜல்லி லாரிக்காரரு கத்துறாரு.” போய்ப் பார்த்தேன். கேபிளை மாற்றினேன், வேகம் 9600 சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இரண்டாவது முனையத்தைப் பார்த்தால், அங்கே வேறொரு பயனர் எடையைச் சரிபார்க்கும் நிரலைத் திறந்து வைத்திருக்கிறார். அதில் 26 என்று நிற்கிறது. 1, 4, 0 இங்கே. 2, 6 அங்கே. ஒரே துறையை இரண்டு நிரல்கள் படித்தால் ஒவ்வோர் எழுத்தும் யார் முந்துகிறாரோ அவருக்குத்தான் போகும். இருவருக்கும் நகல் கிடைக்காது.

இத்தனைக்கும் பில் நிரல் தன் கடமையைச் செய்திருந்தது. துறையைத் திறந்ததும் ‘பூட்டுக் கோப்பு’ ஒன்றை எழுதி, அதில் தன் செயல் எண்ணையும் (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் கொடுக்கும் எண்) குறித்து வைத்திருந்தது. இரண்டாவது நிரல் அந்தக் கோப்பைப் பார்க்கவேயில்லை. பார்த்தாக வேண்டும் என்று லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் கட்டாயமும் இல்லை. கதவில் பூட்டுத் தொங்கினால் உள்ளே போக முடியாது. இங்கே போக முடிகிறது. அப்படியென்றால் இது பூட்டு இல்லை, ஏட்டில் எழுதிய ஒரு வரி.

அந்த வரிக்கு எங்கள் ஊரில் பேர் உண்டு. கானாடுகாத்தானில் எங்கள் ஐயா எழுதிய பேரேடுகள் இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. யார் எதை எடுத்தாலும் அவர் பேரில் பற்று. ஏட்டைப் புரட்டிப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். எடுத்தவர் யார் என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். செயல் எண்ணோடு எழுதிய கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆகவே துறைப் பற்று, பற்றுக் கோப்பு. நிரல் பாதியில் செத்துப்போய்க் கோப்பு மட்டும் கிடந்தால், ஆளில்லாப் பற்று. அந்த எண்ணில் செயல் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அடுத்த நிரல் அதை அழித்துவிடலாம்.

விடுவதற்கு ‘வரவு வைத்தல்’ என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இலங்கைக் கணக்குப் பாடநூல்களில் டெபிட்டையே வரவு என்கிறார்கள். அங்குள்ள நண்பர்களுக்குப் பொருள் தலைகீழாகிவிடும். ‘பற்று நீக்கல்’ என்றே இருக்கட்டும்.

பிரிண்டருக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. ஸ்பூல் (அச்சுக்கு வரும் கோப்புகளை வரிசையில் வைக்கும் ஏற்பாடு) வைத்த கணினியில் பயனர் யாரும் பிரிண்டரைத் தொடுவதில்லை. பின்னணியில் ஓடும் அச்சுச் சேவையின் பேரில்தான் பற்று. மற்றவர்கள் கோப்பை வரிசையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். நூல்கண்டை நினைத்துச் செய்த ‘சுருளாக்கம்’ வேண்டாம், ‘அச்சு வரிசை’ போதும்.

நிரலில் வரப்போகும் செய்திகளை இப்படி எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

“முதல் சீரியல் துறை, 2147-ஆம் செயலின் பேரில் பற்றில் உள்ளது.”

“2147-ஆம் செயல் இப்போது இல்லை. ஆளில்லாப் பற்றை நீக்கவா?”